முடிச்சிருக்கணும்: பிரெஞ்சு மொழியின் ஒரு விசித்திர இறந்தகாலம்

சில வருஷம் முன்னாடி சிறுசேரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புதன்கிழமை, பிரெஞ்சு வாடிக்கையாளரிடமிருந்து மெயில். அதில் ஒரு வரி:

"இல் ஃபோ க வூ ஸெயே தெஸ்தே அவான் வாந்த்ரதி."

எனக்கு அப்போது அரைகுறை பிரெஞ்சு. கடைசிச் சொல் வெள்ளிக்கிழமை, அதற்கு முந்தினது 'முன்பு', 'தெஸ்தே' என்றால் 'டெஸ்ட் செய்த'. இறந்தகாலம்! மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் ஆங்கிலத்தில் 'மஸ்ட் ஹேவ் டெஸ்டட்' என்று வந்தது. "போன வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணியிருப்பீங்க" என்று அவர்கள் நம்புவதாக எடுத்துக்கொண்டேன். டீமிடம் "அவசரம் இல்லப்பா, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர்கள் எழுதியது: வர்ற வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணி முடிச்சிருக்கணும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எல்லோரும் ஆபீஸில். டீமில் ஒருத்தர் தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்குப் போக முடியவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனாலேயே இந்த இலக்கணத்தை உட்கார்ந்து படித்தேன். இதன் பெயர் 'சுப்ஜோங்க்திஃப் பாஸே', அதாவது இறந்தகால சப்ஜங்டிவ். பெயரில் இருக்கும் 'இறந்தகாலம்'தான் என்னைக் கவிழ்த்தது.

(பிரெஞ்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் காட்ட முடியும். மூக்கொலி வரும் இடத்தில் 'ன்', 'ந்' அல்லது 'ங்' போட்டிருக்கிறேன்.)

அமைப்பு: மாறுவது துணைவினை மட்டுமே

தமிழர்களுக்கு இது புதுசே இல்லை. 'வந்து' என்ற வினையெச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வந்திருக்கிறான், வந்திருப்பான், வந்திருக்கட்டும், வந்திருந்தாலும். 'வந்து' அப்படியே நிற்கிறது. காலம், சந்தேகம், அனுமதி, நிபந்தனை எல்லாவற்றையும் சுமப்பது 'இரு' என்ற துணைவினைதான்.

பிரெஞ்சிலும் அதே ஏற்பாடு. முதன்மை வினை இறந்தகால எச்சமாக நின்றுவிடும்: பார்லே (பேசி), ஃபினி (முடித்து), வன்யு (வந்து). துணைவினையை மட்டும் சப்ஜங்டிவுக்கு மாற்றினால் போதும். வேலை முடிந்தது.

ஒரே வித்தியாசம், நமக்கு 'இரு' ஒன்றுதான் துணைவினை. அவர்களுக்கு இரண்டு. பெரும்பாலான வினைகளுக்கு 'அவ்வார்' (உடைமையைக் குறிக்கும் வினை). வா, போ, கிளம்பு, பிற, இற மாதிரியான ஒரு சிறு கூட்டத்துக்கும், தன்னையே குறிக்கும் வினைகளுக்கும் 'எத்ர' (நம்ம 'இரு').

அவ்வார், சப்ஜங்டிவில்: நான், நீ, அவன், அவர்கள் நாலு பேருக்கும் ஒலி 'எ'தான், எழுத்து மட்டும் மாறும். நாம் என்றால் 'எயோன்', நீங்கள் என்றால் 'எயே'.

எத்ர, சப்ஜங்டிவில்: அந்த நாலு பேருக்கும் 'சுவா'. நாம் 'சுவாயோன்', நீங்கள் 'சுவாயே'.

ஆக, 'அவன் பேசியிருக்கிறான்' என்பது 'இல் ஆ பார்லே'. சப்ஜங்டிவில் 'கில் எ பார்லே'. 'அவன் வந்திருக்கிறான்' என்பது 'இல் எ வன்யு'. சப்ஜங்டிவில் 'கில் சுவா வன்யு'.

இங்கே காதுக்கு ஒரு பொறி இருக்கிறது, கவனித்தீர்களா? 'இல் எ வன்யு'வில் வரும் 'எ', எத்ரவின் சாதாரண வடிவம். 'கில் எ பார்லே'வில் வரும் 'எ', அவ்வாரின் சப்ஜங்டிவ். ஒரே ஒலி, வேறு வினை, வேறு எழுத்து. பின்னால் வரும் முதன்மை வினை எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

காலம்: கடிகாரத்தைப் பார்க்காதே, வரிசையைப் பார்

'நீ வருவதில் சந்தோஷம்' என்றால் நிகழ்கால சப்ஜங்டிவ். 'நீ வந்ததில் சந்தோஷம்' என்றால் இறந்தகாலம்: 'ஜ சுயி கோந்தான் க த்யு சுவா வன்யு'. சந்தோஷப்படுவதற்கு முன்பே வருகை முடிந்துவிட்டது, அதனால்.

விதி இதுதான்: ஒரு செயல் இன்னொரு புள்ளிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்றால் இறந்தகால சப்ஜங்டிவ். அந்தப் புள்ளி நேற்றாகவும் இருக்கலாம், வரப்போகிற வெள்ளிக்கிழமையாகவும் இருக்கலாம். என் மெயிலில் புள்ளி எதிர்காலத்தில் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவர்கள் வரிசையைச் சொன்னார்கள்.

ஒரு நல்ல செய்தி. 'அவன் வந்ததில் நான் சந்தோஷப்பட்டேன்' என்று முதன்மை வாக்கியம் இறந்தகாலத்துக்குப் போனாலும், இன்றைய பேச்சில் இதே வடிவம்தான். பழைய இலக்கியங்களில் வரும் இன்னும் இரண்டு சப்ஜங்டிவ் காலங்களைப் படித்தால் அடையாளம் தெரிந்தால் போதும், பேச வேண்டியதில்லை.

எங்கே வரும்?

ஒன்று, உணர்ச்சி. சந்தோஷம், வருத்தம், ஆச்சரியம், பயம். ஆனால் உணர்பவரும் செய்தவரும் ஒரே ஆள் என்றால் சப்ஜங்டிவ் வேண்டாம். 'நான் வந்ததில் எனக்கு சந்தோஷம்' என்பதற்கு 'தெத்ர வன்யு' என்று முடித்துவிடுவார்கள்.

இரண்டு, சந்தேகமும் மறுப்பும். 'அவன் பணம் கட்டியிருப்பான்னு நான் நம்பல': 'ஜ ந க்ருவா பா கில் எ பேயே'. தமிழிலும் 'கட்டியிருக்கிறான்' இங்கே 'கட்டியிருப்பான்' ஆகிவிட்டது பாருங்கள்!

ஆனால் இங்கேதான் தமிழ் நம்மை ஏமாற்றும். 'கட்டியிருப்பான்னு நினைக்கிறேன்' என்று உறுதியில்லாமல் சொல்லும்போதும் நாம் 'இருப்பான்' போடுவோம். பிரெஞ்சுக்காரர், 'நினைக்கிறேன்' என்று எதிர்மறை இல்லாமல் சொன்னாலே அதை ஒரு கூற்றாக எடுத்துக்கொள்வார். சாதாரண வடிவம்தான் வரும்: 'ஜ க்ருவா கில் ஆ பேயே'. 'நம்பிக்கையோடு எதிர்பார்க்கிறேன்' என்ற 'எஸ்பெரே' வினைக்கும் அதே கதை. நான் இந்த இடத்தில் இன்றைக்கும் தடுமாறுகிறேன்.

மூன்று, சில இணைப்புச் சொற்கள். 'பியேன் க' (இருந்தாலும்), 'அவான் க' (முன்பாக), 'ஜ்யுஸ்கா ஸ க' (வரைக்கும்), 'ஆ கோந்திஸியோன் க' (என்ற நிபந்தனையில்). 'பிறகு' என்ற 'ஆப்ரே க' மட்டும் இலக்கணப்படி சாதாரண வடிவத்தை எடுக்கும். முடிந்துபோன நிகழ்ச்சியில் சந்தேகத்துக்கு என்ன வேலை?

புதுச்சேரியில் ஒரு நிபந்தனை

இதெல்லாம் வெறும் பரீட்சை இலக்கணமா? திருப்போரூரிலிருந்து ஈசிஆரைப் பிடித்துத் தெற்கே போனால் ரெண்டு மணி நேரத்தில் வரும் ஊரில், மனிதர்களின் குடியுரிமையே இப்படியொரு நிபந்தனையில் நின்றது.

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பகுதியில் பிறந்து, அந்தத் தேதியில் அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இன்றும் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தத் தேர்வு ஒரு முக்கியமான காரணம்.

அந்த நிபந்தனையைப் பயிற்சிக்காக நானே பிரெஞ்சில் எழுதிப் பார்த்தேன். 'அவர்கள் எழுத்தில் தெரிவித்திருக்கும் பட்சத்தில்': 'ஆ கோந்திஸியோன் கில் ஸெ தெக்ளாரே...' சரியாக இறந்தகால சப்ஜங்டிவ். 1962 ஆகஸ்டில் படிப்பவருக்கு 'தெரிவித்தல்' இன்னும் நடக்காத எதிர்காலம். கெடு முடியும் நாளிலிருந்து பார்த்தால் அது முடிந்திருக்க வேண்டிய செயல். தெரிவிக்க நினைத்திருந்தேன் என்று ஏழாவது மாதத்தில் சொல்லிப் பயனில்லை. அதில் இருக்கும் 'முடிந்திருக்க வேண்டும்' என்ற அழுத்தத்தைத்தான் இந்த வடிவம் சுமக்கிறது.

அதே ஒப்பந்தத்தில் மொழி பற்றியும் ஒரு விதி உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யாத வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக இருக்கும் என்பது அதன் கருத்து. இதையும் ரெண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். 'தான் க' (செய்யாத வரை) என்று தொடங்கினால் 'நோரோன் பா தெசிதே', சாதாரண வடிவம். 'ஜ்யுஸ்கா ஸ க' (செய்து முடிக்கும் வரை) என்று தொடங்கினால் 'எ தெசிதே', சப்ஜங்டிவ். முதலாவது நீடிக்கும் நிலையை அளக்கிறது. இரண்டாவது, ஒருநாள் வரவேண்டிய முடிவை எதிர்நோக்குகிறது. பொருள் கிட்டத்தட்ட ஒன்று, பார்க்கும் திசை வேறு.

இப்போது அந்த மெயிலைத் திரும்பப் படித்தால் ஒரு குழப்பமும் இல்லை. 'இல் ஃபோ க', அதாவது 'வேண்டும்'. அது இப்போதைய கட்டளை. 'ஸெயே தெஸ்தே', முடித்திருத்தல். 'அவான் வாந்த்ரதி', கெடு. 'நீங்க டெஸ்ட் பண்ணியிருக்கீங்க' என்று சொல்ல நினைத்திருந்தால் 'ஸெயே' வந்திருக்காது, 'ஸவே' வந்திருக்கும்.

அந்த ஒரு எழுத்து வித்தியாசம் அன்றைக்கே தெரிந்திருந்தால், நண்பர் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருப்பார். தெரிஞ்சிருக்கணும்.