கணவாய்க் கண்ணும் நம் கண்ணும்

ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குக் கணவாய் வாங்கிவரும் வீடுகளிற் சிறுவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கும். தாய்மார் கணவாயின் மைப்பையை அகற்றித் தோலை உரித்தபின் தலைப்பக்கத்துக் கண்களை நீக்கி ஒதுக்கிவிடுவர். அக்கண்ணை மெல்லப் பிதுக்கினால் உள்ளிருந்து பளிங்கு போன்றதொரு மணி வெளியே உருண்டு வரும். அதை முத்தென்று நம்பித் தீப்பெட்டிக்குள் ஒளித்து வைத்த பிள்ளைகள் நம்மிற் பலர். மறுநாட் பார்த்தால் மணி மங்கி வெளுத்திருக்கும்.

அண்மையில் யாழ்ப்பாணத்தில் எமது நண்பர் ஒருவருடைய வீட்டுக்குச் சென்றிருந்தோம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அவருடைய மகன், அத்தகைய மணியொன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, திண்ணையிற் சாய்மனைக் கதிரையில் இருந்த தன் பாட்டனாரிடம் ஓடி வந்தான். பாட்டனார் முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவர்.

“அப்பப்பா, புத்தகத்திலை வில்லை பருப்பு மாதிரித் தட்டையாக் கிடக்குது. இது ஏன் உருண்டை?”

“நேற்றுப் பொரிச்ச மீனின்ரை கண்ணைப் பாத்தனியோ? அதுக்குள்ளையும் உருண்டைதான்” என்றார் பெரியவர். அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். நல்ல ஆசிரியர்கள் விடையை முழுவதும் கொடுத்துவிடுவதில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து நாம் தொடருவோம்.

கண்ணுக்குள் வரும் ஒளியை முறித்து விம்பமாக்குவது வில்லை ஒன்றே என்று பலர் எண்ணியிருக்கின்றனர். உண்மை அதுவன்று. நம் கண்ணின் முன்புறத்தைக் கடிகாரக் கண்ணாடி போல மூடிநிற்கும் விழிவெண்படலமே அவ்வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்துவிடுகிறது. உள்ளேயிருக்கும் வில்லை எஞ்சியதைச் செய்து, அண்மைக்கும் சேய்மைக்கும் ஏற்பத் தன் தடிப்பை மாற்றிக் கொடுக்கிறது. ஆகவே அது தட்டையாக இருந்தாலும் போதும்.

ஆனால் விழிவெண்படலத்தின் வல்லமை காற்றுள்ள இடத்தில் மட்டுமே செல்லும். கீரிமலைக் கேணியில் மூழ்கிக் கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்: பக்கத்தில் நிற்பவரின் முகமும் பனிக்குள் நிற்பது போலக் கலங்கித் தோன்றும். நீரும் விழிவெண்படலமும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவிற் கடத்துவதால், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் ஒளி வளைவதில்லை. கடலிலே வாழும் பிராணிக்கு இந்த உதவி இல்லை. முழு வேலையையும் வில்லையே செய்ய வேண்டும். அதற்குப் பந்து வடிவமே தக்கது. வெறும் கண்ணாடிக் குண்டினூடாகப் பார்த்தால் விம்பம் கலங்கும். மீனின் வில்லையும் கணவாயின் வில்லையும் நடுவில் மிக அடர்த்தியாகவும், ஓரம் நோக்கிப் படிப்படியாக ஐதாகவும் அமைந்திருப்பதால் அந்தக் குறையும் நீங்கிவிடுகிறது. மூக்குக்கண்ணாடி செய்வோர் வியக்கத்தக்க வேலைப்பாடு!

அப்படியாயின் மீனும் கணவாயும் உறவினரோ? இல்லை. கணவாயின் சுற்றம் நத்தையும் மட்டியும். மீனோ முள்ளந்தண்டு உடையது. ஆகவே தவளை, ஓணான், கோழி, மனிதர் ஆகிய நம் கூட்டத்தைச் சேர்ந்தது. தூரத்து இனத்தார் இருவர் ஒரே கடலில் ஒரே தேவைக்கு ஒரே வடிவத்தைத் தனித்தனியே அடைந்திருக்கின்றனர். கணவாயின் வில்லை சமமற்ற இரு துண்டுகள் பொருந்தி அமைந்தது என்பதும், மீனின் வில்லையில் அத்தகைய பொருத்து இல்லை என்பதும் இதற்குச் சிறிய சான்றுகள்.

பெரிய சான்று கண்ணின் பின்புறத்தில் இருக்கிறது. அதைக் காண ஒரு தாளும் பென்சிலும் போதும்.

தாளின் இடப்பக்கத்தில் ஒரு சிலுவைக்குறி இடுங்கள். அதற்கு நேர் வலப்புறமாக 3 அங்குலம் தள்ளி, மிளகளவில் ஒரு கரும்புள்ளி இடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணாற் சிலுவையை மட்டும் பார்த்துக்கொண்டு, தாளைக் கைநீட்டிய தூரத்திலிருந்து மெதுவாக முகத்துக்குக் கிட்டக் கொண்டு வாருங்கள். ஏறக்குறைய 11 அங்குலத்தில் அந்தப் புள்ளி இல்லாமற் போய்விடும். இன்னும் கிட்டக் கொண்டுவர மீண்டும் தோன்றும். அப்பியாசக் கொப்பித் தாளின் கோடொன்றின் மேலே புள்ளியை இட்டுப் பார்த்தால் மற்றொரு விந்தையும் தெரியும். புள்ளி மறைந்த இடத்தில் ஓட்டை தெரிவதில்லை; கோடு இடையறாது ஓடுவதாகவே தோன்றும். இல்லாததை மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. ஒவ்வொரு நாளும் விழித்திருக்கும் நேரமெல்லாம் நம் இரு கண்களிலும் நிற்கும் ஓட்டையை வாழ்நாள் முழுவதும் அறியாமலே மனிதர் வாழ்ந்து மறைந்தனர். 1660களில் மரியோத் என்னும் பிரெஞ்சு அறிஞரே இதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தார்.

மாணவர்கள் இதைக் குருட்டிடம் என்று படத்திற் குறித்துப் புள்ளி பெற்றுக்கொள்வர். கேட்க வேண்டிய கேள்வி, அங்கே அது ஏன் இருக்கிறது என்பதே.

நம் விழித்திரையில் மங்கிய ஒளியில் உதவும் கோல்கள் சுமார் 12 கோடியும், நிறமறியும் கூம்புகள் சுமார் 60 இலட்சமும் உள்ளன. இவை வரும் ஒளிக்கு முகங்காட்டி நிற்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். அவையோ ஒளிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்கின்றன. அவற்றின் செய்தியைக் கொண்டு செல்லும் நரம்புகள் அவற்றுக்கு முன்னால், ஒளி வரும் பக்கத்திற் பரந்து கிடக்கின்றன. கொட்டகையில் நாடகம் பார்க்க வந்தவர்களைப் பின்சுவரைப் பார்க்க இருத்திவிட்டு, அவர்களுக்கும் மேடைக்கும் இடையிற் கம்பிகளைக் கட்டியது போன்ற ஏற்பாடு இது. ஏறக்குறைய 10 இலட்சம் நரம்பு நார்கள் இவ்வாறு உட்புறத்தில் ஒன்றுகூடி மூளைக்குப் போக வேண்டுமானால், விழித்திரையைத் துளைத்துக்கொண்டே வெளியேற வேண்டும். துளைத்த இடத்திற் கோலும் இல்லை, கூம்பும் இல்லை. அதுவே குருட்டிடம்.

கணவாயின் கண்ணிலோ ஒளியுணரும் கலங்கள் ஒளியை நோக்கியே நிற்கின்றன. நரம்புகள் பின்புறமாகவே வெளியேறுகின்றன. அதற்குக் குருட்டிடமே இல்லை.

மீனுக்கு? நமக்கு இருப்பது போலவே உண்டு. கோழிக்கும் உண்டு, பசுவுக்கும் உண்டு. முள்ளந்தண்டு படைத்த எல்லாவற்றிலும் விழித்திரை இப்படியே திரும்பியிருக்கிறது. வில்லையைப் பார்த்தால் மீன் கணவாயோடு சேர்ந்து நிற்கிறது. நரம்பு போகும் வழியைப் பார்த்தால் நம்மோடு சேர்ந்து நிற்கிறது. ஒன்று அது வாழும் இடத்தைக் காட்டுகிறது, மற்றது அது வந்த வழியைக் காட்டுகிறது. பாடநூல் கூர்ப்பு என்று கூறும் விடயம் நமக்கு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் விளங்கியதில்லை.

இந்தத் திருப்பம் எவ்வாறு நேர்ந்தது என்பதைக் கருவின் வளர்ச்சி காட்டுகிறது. கருவின் முதுகுப்புறத் தோல் உட்சுருண்டு குழாயாகி, அக்குழாயே மூளையாகிறது. முன்பு வெளியே பார்த்திருந்த பக்கம் இப்போது குழாயின் உட்பக்கம். நாலாவது வாரமளவில் அந்த மூளையிலிருந்து இரு குமிழ்கள் முளைத்து, ஒவ்வொன்றும் உட்குழிந்து கிண்ணமாகின்றது. கிண்ணத்தின் உட்சுவர் விழித்திரையாகவும், வெளிச்சுவர் அதன் பின்னாலுள்ள கரிய படையாகவும் வளர்கின்றன. ஒளியுணரும் நுனிகள் குழாயின் உட்பக்கமாயிருந்த முகத்திலேயே முளைப்பதால் அவை பின்னோக்கி நிற்கின்றன. நமது விழித்திரை, உண்மையில், வெளியே எட்டிப்பார்க்கும் மூளைத் துண்டு. கணவாயின் கண் அவ்வாறன்றித் தோலே குழிந்து உண்டாவது; ஆகவே முகம் மாறவில்லை.

நம் கண்ணைக் குறைபட்ட கண் என்று எள்ளி நகையாடுவாரும் உளர். அது அவசரத் தீர்ப்பு என்பது எமது கருத்து. கோல்களும் கூம்புகளும் உணவையும் புதுப்பிப்பையும் அந்தக் கரிய படையிலிருந்தே பெறுகின்றன. அதை நோக்கி நிற்பதால் அவற்றுக்கு நன்மையும் உண்டு. கூரிய பார்வை விழும் இடத்தில் நரம்புப் படைகள் ஓரத்துக்கு விலகி ஒளிக்கு வழிவிடுகின்றன. பழைய வீட்டின் சுவரை இடிக்க முடியாதவர் இருக்கும் அறைகளை வசதிப்படுத்திக்கொள்வது போல, வழிவந்த அமைப்பை வைத்துக்கொண்டே இயற்கைத் தேர்வு திருத்தம் செய்திருக்கிறது.

1859ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், இத்தகைய கண் சிறிது சிறிதாக உருவாயிற்று என்பது முதற்பார்வைக்கு நம்பத்தகாததாகவே தோன்றும் என டார்வின் தாமே ஒப்புக்கொண்டார். அவருடைய எதிரிகள் அந்த வாக்கியத்தோடு நூலை மூடிவிடுவது வழக்கம். அடுத்த வரிகளில் அவர், மிக எளிய கண்ணிலிருந்து நிறைவான கண்வரை இடைப்படிகள் காணக்கிடைத்து, ஒவ்வொன்றும் தன்னையுடைய உயிருக்குப் பயன்படுமாயின் தடையொன்றுமில்லை என்று வாதிடுகிறார். படிகளோ கண்முன்னே உள்ளன. நன்னீரில் வாழும் தட்டைப்புழு சிலவற்றுக்கு ஒளி வரும் திசையை மாத்திரம் அறியும் கரிய கிண்ணக் கண். கடற்பாறையிற் குல்லாய் போல ஒட்டியிருக்கும் சிப்பிக்கு வில்லையற்ற திறந்த குழி. கணவாயின் சுற்றத்திலேயே, சுருள் ஓட்டுக்குள் வாழும் நோட்டிலசு என்பதற்கு ஊசித்துளைப் படப்பெட்டி போன்ற கண். வில்லை கிடையாது, கடல்நீர் உள்ளே புகுந்து வரும். 1994ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர்களான நீல்சனும் பெல்கரும், தட்டையான ஒளியுணர் திட்டு ஒன்று மீன்கண் போலாவதற்கு எத்தனை தலைமுறை வேண்டுமெனக் கணித்தனர். மாற்றங்களை மிகச் சிறியனவாகவே எடுத்துக்கொண்டும் 4 இலட்சம் தலைமுறைக்குள் அடங்கிற்று. விலங்குகளின் வரலாறோ 50 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் கேரிங் என்பவரும் அவர் குழுவினரும், எலியின் கண் வளர்ச்சிக்கு வேண்டிய ஒரு பரம்பரையலகைப் பழ ஈயின் உடலில் வேறிடத்திற் செயற்பட வைத்தனர். அவ்விடத்திற் கண் தோன்றிற்று. எலிக்கண் அன்று, ஈக்கண். கணவாயிலும் அந்தப் பரம்பரையலகு உண்டு; ஒளியை ஏற்கும் புரதமும் நம்முடையதற்கு உறவானதே. கட்டிய வீடுகள் வெவ்வேறாயினும் அத்திவாரக் கல் மிகப் பழைய பொதுச் சொத்து.

இவையெல்லாம் நாளாந்த வாழ்வுக்கு உதவாத ஆராய்ச்சி என்று எண்ணும் வாசகருக்கு, முன்னே கூறிய பெரியவரின் கதையைச் சொல்ல வேண்டும். அவருக்கு இளமையிலிருந்தே கடுமையான கிட்டப்பார்வை. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், இடக்கண்ணில் மின்னல் போன்ற பளிச்சீடுகள் தோன்றின. மறுநாள் அடுப்புக்கரித் துகள்கள் போன்ற புள்ளிகள் மிதந்தன. பின்னர் ஓரத்திலிருந்து திரைச்சீலை இறங்குவது போல ஒரு நிழல். நோவு சிறிதும் இல்லை. கண்ணாடி மாற்றும் காலம் வந்துவிட்டது என்றெண்ணிப் பத்து நாட்கள் பொறுத்திருந்தார். வைத்தியரிடம் சென்றபோது விழித்திரை பின்படையிலிருந்து கழன்றிருந்தது. சத்திரசிகிச்சை செய்தும் பயன் கிட்டவில்லை. அந்தக் கண்ணுக்கு இன்று வெளிச்சமும் இருளும் மட்டுமே தெரியும்.

கருவிற் கிண்ணமான அந்த இரு சுவர்களும் நெருங்கி நிற்குமேயன்றி ஒருபோதும் ஒன்றாய் இணைவதில்லை. விழித்திரை கிழிந்தால் இடையில் நீர் புகுந்து, பழைய பிரிவு மீண்டும் திறந்துவிடும். கிட்டப்பார்வை மிகுந்தவர்களுக்கும், முதியவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் இது நேரக்கூடும். பளிச்சீடு, திடீரெனப் பெருகும் புள்ளிகள், இறங்கும் நிழல் ஆகியவற்றில் ஒன்றேனும் கண்டால் அன்றே கண் வைத்தியரை நாடுதல் வேண்டும். காலத்தோடு சென்றவர்களிற் பலருக்குப் பார்வை காப்பாற்றப்படுகிறது.

“முப்பது வருசம் அந்தப் படத்தைக் கரும்பலகையிலை கீறினனான். அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவிலை என்ன இருக்குதெண்டு ஒரு பிள்ளையும் கேக்கேல்லை, நானும் என்னைக் கேக்கேல்லை” என்றார் பெரியவர்.

பேரன் அதற்குள் தாளிற் சிலுவையும் புள்ளியும் இட்டுத் தான் சோதித்துப் பார்த்துவிட்டு, அவரிடமும் நீட்டினான். அவருக்கு இடக்கண்ணை மூடவேண்டிய தேவை இருக்கவில்லை. தாளை மெதுவாகக் கிட்டக் கொண்டுவந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

“மறைஞ்சு போட்டுது” என்றார்.

உள்ளேயிருந்து, கறி இறக்கியாயிற்று, சாப்பிட வரலாம் என்று குரல் வந்தது.