சான்றிதழ் பழசாகும், கைப்பழக்கம் பழசாகாது

நீரிறைக்கும் இயந்திரம் வாங்கப்போகும் கமக்காரர் விலையை மட்டும் கேட்பதில்லை, "உதிரிப்பாகம் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும்?" என்றும் கேட்பார். பிள்ளைகளைக் கணனித் தொழிலுக்கு அனுப்ப விரும்பும் பெற்றோரும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது, கணனி திருத்தும் வேலையில் இருக்கும் எனது அபிப்பிராயம்.

கம்பனிகள் தமது பொருளுக்கு என்றென்றும் துணைநிற்பதில்லை. கணனியை இயக்கும் மென்பொருளான விண்டோஸ் எக்ஸ்பியை 2001இல் வெளியிட்ட மைக்ரோசொப்ற், அதற்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8இல் நிறுத்தியது. 2015இல் வந்த விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்தது. அதன்பின்னும் கணனி இயங்கும். ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் அடைபடா. வேலி இருந்தும் பொட்டு அடைக்காத தோட்டம் போலத்தான்.

தொழிலும் அப்படியே. 1990களின் தொடக்கத்தில், அலுவலகக் கணனிகளை ஒன்றோடொன்று இணைப்பதில் நொவெல் என்ற அமெரிக்கக் கம்பனியின் நெற்வெயார் முன்னணியில் நின்றது. அதன் சான்றிதழ் பெற்றவர்களுக்கு நல்ல மதிப்பு. பின்னர் மைக்ரோசொப்றின் விண்டோஸ் என்.ரி. அந்த இடத்தைப் பிடித்தது. நொவெல் 2011இல் வேறு கம்பனிக்குக் கைமாறியது. சான்றிதழ் மதிப்பிழந்தது. கணனிகள் எப்படித் தொடர்புகொள்கின்றன என்பதை விளங்கிப் படித்தவர்களுக்கோ அந்த அறிவு புதியதிலும் உதவியது.

ஆகவே, ஒரு கம்பனியின் பெயரை நம்பிக் கடன்பட்டுப் பயிற்சிக் கட்டணம் கட்டுமுன் விசாரியுங்கள். பிழையைத் தேடிப் பிடிக்கப் பழக்குவார்களா? கழற்றிப் பூட்ட விடுவார்களா? முறைப்பாட்டுடன் வருபவரைப் பொறுமையாகக் கேட்கக் கற்பிப்பார்களா? எங்கே இடம்பெயர்ந்தாலும் பிள்ளையுடன் கூடவருவது இந்தக் கைப்பழக்கமே.