தட்டில் வைத்த ஐந்து தக்காளி

காகிதத் தட்டொன்றில் 5 தக்காளிப் பழங்கள். காம்பு நீக்கி, காம்பிருந்த பக்கம் கீழாக வைக்கப்பட்டிருக்கின்றன. அருகே ஒரு சீட்டு. பயிரிட்டவர் பெயரும் தக்காளியின் இரகமும் அதில் எழுதப்பட்டுள்ளன. தீர்ப்பு முடியும்வரை பெயருள்ள பகுதியை மடித்து வைப்பதும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கோடைதோறும் நடைபெறும் கவுண்டிப் பொருட்காட்சிகளில், சிறுவர் சிறுமியருக்கென ஒதுக்கிய கட்டடத்தினுள் நுழைவோர் காண்பது இத்தகைய தட்டுகளின் நீண்ட வரிசையையே. அடுத்த மேசையில் வெங்காயம், அதற்கப்பால் பீன்ஸ், சுவரோரமாகக் கண்ணாடிப் புட்டிகளில் ஒற்றைக் காம்புப் பூக்கள், சன்னலருகே தொட்டிச் செடிகள். கண்ணைப் பறிக்கும் அலங்காரம் ஏதுமில்லை.

ஐந்து பழத்தை வைத்து என்ன காட்சி என்று நம் சங்கத்து அன்பர்கள் கேட்கக்கூடும். ஒரு பழம் அழகாய் அமைவது தற்செயலாகவும் இருக்கலாம். ஐந்தும் ஒரே பருமனாய், ஒரே நிறமாய், ஒரே முதிர்ச்சியோடு, வெடிப்பும் புள்ளியும் இன்றி அமைவது தற்செயலன்று. இதை நெசவாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரு சாண் துணி நன்றாக விழுந்ததைக் காட்டி எவரும் விலை கேட்பதில்லை; முதல் முழமும் கடைசி முழமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்றே விரித்துப் பார்ப்பர். ஆகவேதான் பெரிய பழத்துக்குப் பரிசென்ற எண்ணம் இங்கே செல்லாது. நான்கு நடுத்தரப் பழங்களோடு ஒரு பருத்த பழத்தைச் சேர்த்து வைக்கும் சிறுவன், தன் தட்டின் மதிப்பைத் தானே குறைத்துக்கொள்கிறான். பருமனுக்கென்று பூசணி போன்றவற்றில் தனிப் போட்டி உண்டு; அது வேடிக்கைக்கு.

கவுண்டி என்பது அந்நாட்டு மாநிலங்களின் உட்பிரிவு. நாடு முழுவதும் 3,000-க்கு மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. இவற்றில் நடக்கும் பொருட்காட்சியின் தொடக்கம் நம் நெசவாள அன்பர்களுக்குச் சுவையளிப்பது. 1807-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்பீல்டு ஊரில் எல்கானா வாட்சன் என்பவர் இரண்டு மெரினோ செம்மறியாடுகளைப் பொதுவெளியில் ஊரார் காண நிறுத்திவைத்தார். மெல்லிய நல்ல கம்பளிக்கு உரிய ஆடு மெரினோ. அதனை உழவர்கள் வளர்க்க வேண்டுமென்பது அவர் விருப்பம். ஆடு பார்க்கக் கூடிய கூட்டம் அவரைச் சிந்திக்க வைத்தது. இரண்டு ஆட்டுக்கே இத்தனை பேர் வருவாராயின், ஊர் உழவர் யாவரும் தம் நல்ல கால்நடைகளைக் கொண்டுவந்தால் எவ்வளவு பயன் விளையும்! 1810-இல் கால்நடைக் காட்சி நடந்தது. 1811-இல் பெர்க்‌ஷயர் வேளாண்மைச் சங்கம் உருவாயிற்று. நூலுக்காக நிறுத்திய ஆட்டில் தொடங்கியது பிறகு தானியம், காய்கறி, பூ, ஊறுகாய், தையல் என்று விரிந்தது.

சிறுவர்கள் இதில் தமக்கென ஓர் இடம் பெற்றதற்கு மற்றொருவரைச் சொல்ல வேண்டும். ஓஹையோ மாநிலத்துக் கிளார்க் கவுண்டியில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த ஆல்பர்ட் பெல்மாண்ட் கிரஹாம், 1902 ஜனவரி 15-ஆம் நாள் ஸ்பிரிங்பீல்டு நகரில் சிறுவர் சிறுமியரைக் கூட்டி ஒரு வேளாண்மைச் சங்கம் தொடங்கினார். சோளம் விதைப்பது, காய்கறித் தோட்டமும் பூந்தோட்டமும் இடுவது, மண்ணைச் சோதிப்பது ஆகியவை அவர்கள் மேற்கொண்ட வேலைகள். 1910-இல் தென் கரோலினாவின் எய்க்கன் கவுண்டியில் மேரி குரோமர் என்னும் ஆசிரியை 47 சிறுமியரைக் கொண்டு தக்காளிச் சங்கம் அமைத்தார். ஆளுக்கு ஓர் ஏக்கரில் பத்திலொரு பங்கு நிலம். அதில் தக்காளி பயிரிட்டு, டப்பாவில் அடைத்து விற்றுவரும் பணம் அச்சிறுமிக்கே உரியது. பெண் குழந்தை கையில் தன் உழைப்பின் காசு என்பது அக்காலத்தில் அந்நாட்டிலும் சிறிய செய்தியன்று.

இத்தகைய சங்கங்களே 'ஃபோர்-எச்' என்ற பெயரில் ஒன்றுபட்டன. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கும் ஆங்கிலத்தில் எச் என்ற எழுத்தில் தொடங்குவதால் வந்த பெயர் அது. நான்கிலைத் தழையொன்று அதன் சின்னம். 1914-இல் இயற்றப்பட்ட ஸ்மித்-லீவர் சட்டம், மாநில வேளாண்மைக் கல்லூரிகளின் அறிவை உழவர் வீடுவரை கொண்டுசெல்லும் விரிவாக்கப் பணியை நிறுவியபோது, சிறுவர் சங்கங்களும் அப்பணியின் அங்கமாயின. பெரும்பாலும் 8 அல்லது 9 வயது முதல் 18 வயது வரை உள்ளோர் காட்சிக்குப் போட்டியிடலாம்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். காட்சிக்குப் பயிரிடும் சிறுமிக்கு நாள்காட்டியே முதற்கருவி. கிளார்க் கவுண்டியில் பொருட்காட்சி ஜூலைத் திங்களில் நடைபெறுகிறது. ஓஹையோவின் பெரும்பகுதியில் மே நடுப்பகுதி வரை உறைபனி அச்சம் நீங்குவதில்லை. அதற்குமுன் தக்காளி நாற்றை வெளியில் நட்டால் ஓரிரவில் கருகிவிடும். நட்டபின் பழம் கனிய 65 முதல் 80 நாட்கள் வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: காட்சி நாளுக்கும் பழம் கனியும் நாளுக்கும் இடையே மிச்சம் ஏதுமில்லை! ஆகவே, காட்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, நாள் குறைந்த இரகத்தைத் தேர்ந்து, மார்ச்சுத் திங்களிலேயே வீட்டினுள் சன்னலோரம் விதை ஊன்ற வேண்டியிருக்கிறது. அப்படியும் வானம் குளிர்ந்துவிட்டால் பழம் பச்சையாகவே நிற்கும். இதனை உணர்ந்தோ என்னவோ, பல பொருட்காட்சிகளில் பச்சைத் தக்காளிக்கெனத் தனி வகுப்பே வைத்திருக்கின்றனர். வானத்தோடு வழக்காட முடியாதென்று அறிந்தவர் செய்த விதி அது.

பறிக்கும் பக்குவமும் ஒரு கல்வியே. வெங்காயத்தை முன்னதாகவே பிடுங்கி நிழலில் உலர்த்தி, கழுத்துப் பகுதி நன்கு காய்ந்தபின் தாளை ஓர் அங்குல அளவில் நறுக்க வேண்டும். பளபளப்பாகத் தெரியவேண்டுமென்று தோலை அடுக்கடுக்காய் உரித்தால் மதிப்பெண் போயிற்று. அத்தோல் சேமிப்புக்குக் காவல். உருளைக்கிழங்கைத் தேய்த்துக் கழுவாமல் மெல்லிய தூரிகையால் மண்ணைத் துடைப்பதே பெரும்பாலும் விதி. பீன்சில் காம்பு இருக்க வேண்டும்; தக்காளியில் இருக்கலாகாது. ஏனெனில் ஒரு பழத்தின் காம்பு மற்றொன்றின் தோலைக் குத்திவிடும். விதிகள் யாவற்றுக்கும் இவ்வாறு காரணம் உண்டு. அனைத்தும் வண்டியேற்றுவோரும் கடைக்காரரும் பட்டறிந்தவை. தென்னாசியாவில் தோன்றிப் பரவிய நம் கத்தரிக்காயும் அங்கே ஒரு வகுப்பில் மேசை ஏறுகிறது. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய தக்காளி நம் குழம்பில் இறங்கியதற்கு ஈடாயிற்றென்று கொள்வோம்.

பூக்களின் கதை இன்னும் நுட்பமானது. காய்கறி ஒரு நாள் பொறுக்கும், பூ பொறுக்காது. வெயில் ஏறுமுன்னோ மாலை தணிந்த பின்னோ, தண்ணீர் வாளியைச் செடியருகே கொண்டுசென்று, கூரிய கத்தியால் வெட்டி உடனே நீரில் இடவேண்டும். நீருக்குள் அமிழும் இலைகளை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் அவை அழுகி நீரைக் கெடுக்கும். பிறகு இரவு முழுதும் குளிர்ந்த இருட்டறையில் வைத்தால் காம்பு நீரை நிறைய உறிஞ்சி, மறுநாள் மேசையில் தலைசாயாமல் நிற்கும். ஜினியா முழுதும் விரிந்திருத்தல் வேண்டும். கிளாடியோலஸோ கீழ்ப்பூக்கள் விரிந்து, நடுமொட்டுகள் நிறங்காட்டி, நுனி பசுமையாக இருக்கவேண்டும். டேலியாவில் பெரிய ஒற்றைப்பூ வேண்டுமாயின், பக்கமொட்டுகளைச் சிறிதாயிருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். பத்து வயதுக் குழந்தை, மலரக் காத்திருக்கும் மொட்டைத் தன் கையாலேயே கிள்ளுவது எளிதா? செண்டுமல்லி ஒன்றுதான் எவருடைய பிழையையும் பெரிதாக எண்ணாமல் பூத்துத் தள்ளுகிறது.

தொட்டிச் செடிக்கு வேறு நிபந்தனை. காட்சிக்கு முன்தினம் கடையில் வாங்கி வந்ததாக இருத்தலாகாது. குறித்த சில மாதங்களேனும் அக்குழந்தையின் பராமரிப்பில் வளர்ந்திருக்க வேண்டும். இலையின் தூசியை ஈரத்துணியால் துடைக்கலாம். எண்ணெய்ப் பூச்சினால் மினுக்கக்கூடாது. பூச்சி காணப்பட்டால் செடியை வெளியேற்றிவிடுகின்றனர். கொண்டுவந்த குழந்தைக்கு அது துயரந்தான். ஆனால் பக்கத்துத் தொட்டிகளைக் காக்க வேறு வழியில்லை.

இவையெல்லாம் குழந்தையின் கைவேலைதானா, பெற்றோர் கைவேலையா என்ற ஐயம் அங்கும் உண்டு. இதற்கு அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்று கணக்குப் புத்தகம்: எந்நாள் விதைத்தது, என்ன செலவு, எவ்வளவு விளைந்தது, எது பட்டுப்போயிற்று என்பவை அதில் எழுதப்பட வேண்டும். மற்றொன்று நேர்முகத் தீர்ப்பு. தீர்ப்பாளர் மேசைக்கு அப்பால் அமர்ந்து குழந்தையை எதிரே அழைக்கிறார். இந்த இரகத்தை ஏன் தேர்ந்தாய், இலையில் இப்புள்ளி எதனால் வந்தது, அடுத்த ஆண்டு எதை மாற்றிச் செய்வாய் என்று வினவுகிறார். தந்தை வளர்த்த தக்காளியைக் கொண்டுவந்த பிள்ளை இரண்டாம் வினாவிலேயே விழிக்கத் தொடங்குவான்.

தீர்ப்பு வழங்குவதில் இரு முறைகள் உள்ளன. ஒன்று நாம் அறிந்தது: முதல், இரண்டாவது, மூன்றாவது என்று வரிசைப்படுத்துவது. மற்றது டேனிஷ் முறை எனப்படுவது. இதில் தட்டோடு தட்டை ஒப்பிடுவதில்லை; ஒவ்வொரு தட்டையும் எழுதிவைத்த தர அளவோடு ஒப்பிடுகின்றனர். அளவை நன்கு எட்டியவை யாவற்றுக்கும் நீல நாடா. சிறு குறைகள் உள்ளவற்றுக்குச் சிவப்பு. மேலும் திருந்த வேண்டியவற்றுக்கு வெள்ளை. பத்துத் தட்டும் நன்றாயிருந்தால் பத்துக்கும் நீலம். ஒன்றுமே தேறாவிடில் நீலமே இல்லை. 1882-இலேயே கூட்டுறவுப் பாற்பண்ணை கண்ட டென்மார்க்கின் பெயரால் இம்முறை வழங்குவது நமக்கு வியப்பளிக்கவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. எல்லோருக்கும் நீலம் கிடைக்குமாயின் நீலத்துக்கு என்ன மதிப்பு, உலகச் சந்தையில் போட்டி இல்லையா என்பர். அதனால் பல இடங்களில் நீலம் பெற்றவற்றுள் சிறந்ததைத் தனியே தெரிந்து ஊதா நாடா அளிக்கின்றனர். மிகச் சிறிய குழந்தைகளுக்கோ போட்டியே வைப்பதில்லை. கொண்டுவந்ததற்கே ஒரு நாடா. நம் கருத்தைக் கேட்டால், நாடாவின் நிறத்தைவிடத் தீர்ப்பாளர் சீட்டில் எழுதும் இரண்டு வரியே பெரிது. 'நிறம் நன்று; ஒரு பழம் மட்டும் சிறியது' என்று எழுதிய சீட்டு அடுத்த ஆண்டுப் பயிருக்கு உரம். முன்னொரு காலத்தில் நாம் ஒரு பொருட்காட்சிக்கு அனுப்பிய துண்டுகள் 'தேர்வு பெறவில்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. சாயத்தில் குறையா, கரையில் குறையா, நீளத்தில் குறையா என்று இன்றுவரை நாம் அறியோம். அத்துண்டுகளை நெய்தவர் அதன்பின் எந்தக் காட்சிக்கும் துணி கொடுக்க இசையவில்லை.

அந்நாட்டு ஏற்பாட்டைப் புகழும்போது அதன் கறையையும் மறைத்தலாகாது. தென் மாநிலங்களில் நெடுங்காலம் கறுப்பினச் சிறுவர்க்குத் தனிச் சங்கம், தனி அலுவலர், தனிக் காட்சி என்றே நடந்தது. 1906-இல் டஸ்கீகி கல்விநிலையத்திலிருந்து ஜெசப் வண்டி என்னும் நடமாடும் வேளாண்மைப் பள்ளி கிராமங்களுக்குப் புறப்பட்டது. அதனை நடத்திய தாமஸ் மன்ரோ காம்பெல் போன்றோர் குறைந்த வசதியைக் கொண்டு அரும்பணி ஆற்றினர். ஆயினும் அவர்களிடம் பயின்ற குழந்தையின் தட்டு, வெள்ளையர் குழந்தையின் தட்டோடு ஒரே மேசையில் இடம்பெறவில்லை. 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திற்குப் பிறகே இப்பிரிவினை சட்டப்படி நீங்கலாயிற்று. நடைமுறையில் அது மறைய மேலும் காலம் பிடித்தது. பெயர்ப் பகுதியை மடித்து வைத்துத் தீர்ப்பளித்த அதே நாட்டில், மேசையையே பிரித்து வைத்திருந்தனர்.

பரிசுப் பணம் பெரிதன்று. காய்கறித் தட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓரிரு டாலர்தான். ஆடு, மாடு, பன்றி வளர்த்த பிள்ளைகளுக்கு ஏலத்தில் நல்ல தொகை சேர்வதுண்டு. தக்காளிக்கு ஏலம் கூறுவாரில்லை. காட்சி முடியுமுன் பொருளை எடுக்கவும் கூடாது. ஐந்தாம் நாளில் ஜினியாவின் இதழ் சுருங்கி, பீன்ஸ் வதங்கி, தக்காளி ஒன்றில் நீர் கசியத் தொடங்கும். இறுதி நாளில் சிறுவர்கள் வந்து நாடாவையும் சீட்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு, காயைக் குப்பைக்கூடையில் இடுகின்றனர். தொட்டிச்செடி மட்டும் மடியில் அமர்ந்து வீடு திரும்புகிறது. அன்றிரவோ மறுநாளோ, கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை நிரப்பியாக வேண்டும். அங்கே ஒரு கேள்வி காத்திருக்கிறது: அடுத்த ஆண்டு எத்தனை செடி?