சம்பளம் நல்ல சம்பளம்தான்... அமெரிக்க டென்டல் ஹைஜீனிஸ்ட்கள் வேலையை விடுவது ஏன்?

அமெரிக்காவில் பல் கிளினிக்குக்கு வழக்கமான செக்-அப் போனால், முக்கால் மணி நேரம் வாயைத் திறந்து வைத்திருப்பது பெரும்பாலும் டாக்டருக்காக அல்ல. ஈறைப் பரிசோதித்து, பற்காறையைச் சுரண்டி, பாலிஷ் போட்டு, எக்ஸ்ரேயும் எடுத்து முடிப்பவர் டென்டல் ஹைஜீனிஸ்ட். டாக்டர் கடைசியில் சில நிமிடம் எட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரப்படி, 2023-ல் இவர்களின் இடைநிலை ஆண்டு வருமானம் 87,530 டாலர். அதாவது பாதிப் பேர் இதைவிட அதிகமாகவும், பாதிப் பேர் இதைவிடக் குறைவாகவும் வாங்கினார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 72 லட்சம் ரூபாய். இதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை. ஏறக்குறைய மூன்று வருடப் படிப்பும் மாநில லைசென்ஸும் போதும். அப்படியிருந்தும், ‘ஹைஜீனிஸ்ட் கிடைக்க மாட்டேங்கிறாங்க’ என்பதுதான் அங்கே பல் மருத்துவர்களின் பெரிய புலம்பல்.

உடம்பு எங்கே அடிபடுகிறது?

இந்த வேலையைப் பார்ப்பதற்கு லேசாகத்தான் தெரியும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் மில்லிமீட்டர் கணக்கில் அளக்க வேண்டும். ஞானப்பல்லை விட்டாலும் 28 பல்லுக்கு 168 அளவுகள். அளந்து முடித்த பிறகுதான் சுரண்டும் வேலையே ஆரம்பிக்கிறது. மெல்லிய கருவியை இறுக்கிப் பிடித்து, ஒரே மாதிரி அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்ய வேண்டும். கருவி கொஞ்சம் மழுங்கிவிட்டால் இன்னும் அழுத்த வேண்டியிருக்கும். கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் தெரிய வேண்டும் என்றால் கழுத்தைச் சாய்த்து, இடுப்பைத் திருப்பித்தான் உட்கார வேண்டும்.

விளைவு? கழுத்து, தோள், கீழ்முதுகு, மணிக்கட்டு எல்லாம் வலி. பல் மருத்துவத் துறையினரிடம் நடந்த ஆய்வுகளை 2009-ல் தொகுத்துப் பார்த்தபோது, ஏதோ ஒரு தசை, மூட்டு வலி இருப்பதாகச் சொன்னவர்கள் 64 முதல் 93 சதவிகிதம். பலர் வாரத்துக்கு மூன்று, நான்கு நாள் மட்டும் வேலை பார்ப்பதற்குக் குடும்பப் பொறுப்பு ஒரு காரணம் என்றால், உடம்பு தாங்காததும் ஒரு காரணம்.

நாற்காலி காலி என்றால் சம்பளமும் காலி

இங்கேதான் அந்த 87,530 டாலரைக் கவனமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் கிடையாது, மணிக்கணக்குக் கூலிதான். அதனால் நோயாளி கடைசி நேரத்தில் ‘வரலை’ என்று சொன்னால், சில கிளினிக்குகளில் ‘நீங்க சீக்கிரம் கிளம்பிக்கலாம்’ என்று அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேர வருமானம் போச்சு. பகுதி நேர வேலை என்றால் மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் கிடைக்காமலே போகலாம். காப்பீடு இல்லாமல் அமெரிக்காவில் ஆஸ்பத்திரிப் படி ஏறுவது எவ்வளவு செலவு என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பக்கம் நெருக்கடி வேறு மாதிரி. ஒரு ஆளுக்கு 60 நிமிடம் என்பதை 45, 40 என்று குறைத்துக்கொண்டே வரும் கிளினிக்குகள் உண்டு. தினசரி இவ்வளவு டாலர் ‘புரொடக்ஷன்’ காட்ட வேண்டும் என்று டார்கெட் வைக்கும் இடங்களும் உண்டு. ஈறு நன்றாகவே இருக்கும் ஒருவரிடம் ‘டீப் கிளீனிங் பண்ணிக்கோங்க’ என்று சொல்ல வேண்டிய நிலை வந்தால், மணிக்கட்டு வலியைவிட அது பெரிய வலி. நோயைத் தடுக்கும் வேலை என்று படித்துவிட்டு வந்தவருக்கு சேல்ஸ் வேலை எப்படிப் பிடிக்கும்?

பதவி உயர்வு எங்கே?

பெரும்பாலும் கிடையாது. 20 வருடம் கழித்தும் அதே நாற்காலி, அதே வேலை. மேலே போக வேண்டும் என்றால் பேராசிரியர், பொது சுகாதாரத் துறை, கம்பெனி விற்பனை என்று கிளினிக்கை விட்டே வெளியேற வேண்டும். தனியாக கிளினிக் வைக்கலாமா என்பதை மாநிலச் சட்டம் தீர்மானிக்கிறது. கொலராடோ 1987-லேயே அனுமதித்துவிட்டது. பல மாநிலங்களில் இன்னும் ஏதோ ஒரு வகையில் பல் மருத்துவரின் மேற்பார்வை தேவை. பக்கத்து நாடான கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 2007 முதல் உரிய அனுமதி பெற்ற ஹைஜீனிஸ்ட் டாக்டர் உத்தரவு இல்லாமலே பற்களைச் சுத்தம் செய்யலாம்.

இத்தனைக்கும், ‘இந்த வேலை பிடிக்கலை’ என்று சொல்பவர்களைவிட ‘வேலை பிடிக்கும், வேலை பார்க்கிற இடம்தான் பிடிக்கலை’ என்பவர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் அதே நோயாளிகள், ரத்தம் கசிந்த ஈறு அடுத்த தடவை சரியாகியிருப்பது, இதெல்லாம் அவர்களுக்கு நிஜமான திருப்தி. 2020-ல் கொரோனாவால் கிளினிக்குகள் மூடியபோது இந்தத் தராசு சாய்ந்தது. வாய்க்கு மிக அருகில், தண்ணீர்த் துளி தெறிக்கும் அல்ட்ராசோனிக் கருவியோடு உட்காரும் வேலை. கிளினிக்குகள் திறந்த பிறகும் ஒரு பகுதியினர் திரும்பி வரவே இல்லை.

நம்ம ஊரில் யார் செய்கிறார்கள்?

இந்தியாவில் 1948-ம் வருட பல் மருத்துவர்கள் சட்டத்திலேயே ஹைஜீனிஸ்ட் என்ற பிரிவு வந்துவிட்டது, டிப்ளமோ படிப்பும் இருக்கிறது. ஆனால், நீங்கள் ஸ்கேலிங் போனால் செய்துவிடுபவர் அநேகமாக பி.டி.எஸ். முடித்த ஜூனியர் டாக்டராகத்தான் இருப்பார். நாடு முழுக்க 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கும்போது, குறைந்த சம்பளத்துக்கு டாக்டரே கிடைத்துவிடுகிறார். தனியாக ஹைஜீனிஸ்ட் எதற்கு என்பது கிளினிக் கணக்கு.

அதே பி.டி.எஸ். பட்டத்தோடு அமெரிக்கா போகிறவர்களுக்கு இந்த வேலை ஒரு வழியாகவும் இருக்கிறது. அங்கே பல் மருத்துவராக லைசென்ஸ் வாங்க மறுபடி சில வருடம் படிக்க வேண்டியிருக்கும். ஆனால் ஃப்ளோரிடா போன்ற மாநிலத்தில், வெளிநாட்டுப் பல் மருத்துவப் பட்டத்தை வைத்து ஹைஜீனிஸ்ட் லைசென்ஸ் தேர்வு எழுதலாம். வொர்க் பெர்மிட் இருக்க வேண்டும் என்பது தனிக் கதை. அந்த இன்டர்வியூவில் ‘மணிக்கு எவ்வளவு தருவீங்க’ என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம், ஆள் வராவிட்டாலும் சம்பளம் உண்டா, கருவிகளை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள் என்பதையும் கேட்டுவிடுவது நல்லது.