காக்கட்டீலும் லவ் பேர்ட்ஸும் ஒரே கூண்டில் இருக்கலாமா?

கல்கத்தாவில் நம் சங்கத்து அன்பர்கள் வீடுகளுக்குப் போனால் இப்போதெல்லாம் பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பறவைக் கூண்டும் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலிஃப் தெருச் சந்தைக்குப் போய் வந்ததன் பலன். "இந்தக் கூண்டிலேயே இன்னொரு ஜாதியையும் விடலாமா, சார்?" என்று என்னைக் கேட்கிறார்கள். நான் விட்டுப் பார்த்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். நாம் லவ் பேர்ட்ஸ் என்று வாங்குவது உண்மையில் லவ் பேர்ட்ஸ் அல்ல. அது பட்ஜெரிகார் என்னும் ஆஸ்திரேலியச் சிறு கிளி. வங்காளிகள் பத்ரி என்பார்கள். அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, பொல்லாத அலகுக்காரன். காக்கட்டீலும் ஆஸ்திரேலியாதான், கொண்டைக் கிளி இனம். சந்தையில் இதைக் 'காக்டெயில்' என்கிறார்கள். முதல் தடவை அதைக் கேட்ட என் மனைவி முகம் சுளித்தாள்.

மகள் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனபோது, பேத்தி வளர்த்த காக்கட்டீல் எங்களிடம் வந்து சேர்ந்தது. பெயர் முத்து. தனியாக இருக்கிறானே என்று இரக்கப்பட்டு ஒரு ஜோடி பட்ஜி வாங்கி வந்தேன். என் கணக்கு இன்ஜினீயர் கணக்கு. முத்து 90 கிராம், பட்ஜி ஒன்று 35 கிராம்கூட இல்லை. பெரியவனுக்கு என்ன ஆபத்து வரப்போகிறது? கூண்டுக்காரர் இனாமாகக் கொடுத்த மண்பானையையும் உள்ளே தொங்கவிட்டேன்.

நாலாம் நாள் காலை மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, முத்து கீழே உட்கார்ந்திருக்கான், வந்து பாருங்க." கூண்டின் மூலையில் கொண்டையைத் தலையோடு ஒட்டப் படுக்கவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலது காலில் ஒரு விரல் நுனி நகத்தோடு போயிருந்தது. சோளமாவை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தி, கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். சமையலறைத் தராசில் நிறுத்தால் 80 கிராம். நாலு நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று இரவு பேத்தி போனில் கேட்டபோது "நன்றாக இருக்கிறான்" என்று சொல்லிவிட்டேன். அது என்னை வெகுநாள் உறுத்தியது.

எடையைப் பார்த்தேனே தவிர சுபாவத்தைப் பார்க்கவில்லை. காக்கட்டீல் சாது, கோபம் வந்தால் சீறும், அலகை நீட்டி மிரட்டும், பிறகு ஒதுங்கிவிடும். பட்ஜி ஒதுங்காது. துறுதுறுவென்று மேலே ஏறும், வாலை இழுக்கும், கால் விரலைக் கடிக்கும். அதற்கு அது விளையாட்டு, பாதி அதிகாரம். அதிலும் பெட்டை மோசம். வளர்ந்த பறவையில் அலகுக்கு மேலுள்ள தசை நீலமாக இருந்தால் பெரும்பாலும் ஆண், பழுப்பாக இருந்தால் பெட்டை. பானையைக் கண்டதும் பெட்டைக்கு முட்டையிடும் எண்ணம் வந்துவிடுகிறது. பிறகு அந்தப் பக்கம் வருகிறவன் எல்லாம் எதிரி. நான் இனாமாக வாங்கியது பானையை அல்ல, சண்டையை.

இன்னொன்று, என் கூண்டில் நீளமான குச்சி ஒன்றே ஒன்று. அதன் ஒரே கோடியில் தீனிக் கிண்ணம். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக இரண்டு வண்டிகளை விட்ட கதைதான். ரயில்வேயில் யாராவது அப்படிச் செய்திருந்தால் நானே சார்ஜ் ஷீட் கொடுத்திருப்பேன்.

காக்கட்டீலின் கொண்டை பழைய செமஃபோர் சிக்னல் கை மாதிரி. படிக்கத் தெரிந்தால் போதும். நேராக நின்றால் திகைப்பு அல்லது கவனம். லேசாகப் பின்னால் சாய்ந்திருந்தால் நிம்மதி. தலையோடு அழுந்தி, கூடவே சீறலும் இருந்தால் பயம் அல்லது கோபம். தூங்கப் போகுமுன் அலகை நறநறவென்று தேய்த்தால் பயப்படவேண்டாம், அது திருப்தி. நள்ளிரவில் திடீரென்று மிரண்டு கூண்டில் மோதிக்கொள்வதும் காக்கட்டீலுக்கு உண்டு. ஒரு ஜீரோ வாட் பல்பு எரிந்தால் அது குறையும்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு கூண்டு. நடுவே ஓர் அடி இடைவெளி, கம்பி வழியாகக் காலைக் கடிக்க முடியாதபடி. பானை போய்விட்டது. சாயங்காலம் ஒரு மணி நேரம் எல்லோரையும் அறைக்குள் பறக்கவிடுகிறோம். ஜன்னல் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, நாங்களும் அங்கேயே உட்கார்ந்திருப்போம். தினையும் கம்பும் தனித்தனிக் கிண்ணங்களில், வெவ்வேறு உயரங்களில். புதுப் பறவையை முதல் முப்பது நாள் வேறு அறையில் வைக்கவேண்டும், நோய் பரவாமலிருக்க. அதையும் நான் அன்று செய்யவில்லை.

சமையலறைக்கும் ஒரு வார்த்தை. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். இரும்பு தோசைக்கல்லே உத்தமம். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் காக்கட்டீல் வேண்டாம்; அதன் இறகிலிருந்து வெள்ளைப் பொடி ஓயாமல் உதிரும். நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்க்கிறவர்களுக்கு: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

மே மாத விடுமுறையில் பேத்தி வந்தாள். பெட்டியை வைத்ததும் முத்துவைக் கையில் ஏற்றினாள். "தாத்தா, ஒரு நகம் இல்லையே?" நடந்ததைச் சொன்னேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஊருக்குப் போகும் நாளில் இரண்டு கூண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் தன் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் ரயிலுக்குக் கிளம்பினாள்.