வண்டிப் பேட்டை செய்த புதுமை!

அருப்புக்கோட்டையில் இருந்து விருதுநகர் போகும் சாலையில் இருக்கிறது பாலவனத்தம். 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்த பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊர்.

இன்று இந்தச் சாலையில் லாரிகள் பறக்கின்றன. அந்தக் காலத்தில் மாட்டு வண்டிதான். பருத்தியும் தானியமும் அதில்தான் போகவேண்டும். மாடு களைத்தால் நிற்க வேண்டும். இருட்டினால் கள்வர் பயம். ஒரு வண்டிச் சரக்கு கொள்ளை போனால், சிறு வியாபாரியின் முதலே போய்விடும்!

19-ம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அதுதான் பேட்டை.

பூட்டிய கதவு

சுற்றிலும் மதில். உள்ளே கிணறு, மாடு கட்ட இடம், சரக்கு வைக்கக் கிட்டங்கி. இரவில் கதவைப் பூட்டிவிடுவார்கள். வண்டிக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம்.

சரக்கை இறக்கி வைத்து, விலை ஏறும்வரை காத்திருக்கவும் முடிந்தது. இதுதான் பெரிய விஷயம். வைக்க இடம் இல்லாதவர், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத்தானே போகவேண்டும்?

அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தங்குடி, சிவகாசி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களிலும் இப்படி வியாபாரம் வளர்ந்தது.

யார் பணம்?

அரசாங்கப் பணம் அல்ல. சரக்குக்கு இவ்வளவு என்று வணிகர்கள் பொதுநிதிக்குச் சிறு தொகை கொடுத்தார்கள். அதற்கு மகமை என்று பெயர். விருதுபட்டியில் 1889-ல் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்ததும் இந்தப் பணத்தில்தான். காமராஜர் படித்த பள்ளி அது!

ஆனால் ஒன்று. பேட்டை வியாபாரிகளின் ஏற்பாடு. கரிசலை உழுத சம்சாரிக்கு அதன் நிர்வாகத்தில் இடம் இல்லை.

ரசீதுக்குக் கடன்

1876-ல் மதுரை-தூத்துக்குடி ரயில் விருதுபட்டி வழியாக ஓடியது. அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்தது 1960-களில்தான். பிறகு லாரிகள் பெருகின. சரக்கு வேகமாகப் போகிறது. சம்சாரியின் அவசரம் மட்டும் தீரவில்லை. அறுத்த உடனே விற்றால்தான் கடனை அடைக்க முடியும்.

இதற்காக 2007-ல் ஒரு சட்டம் வந்தது. பதிவு பெற்ற கிட்டங்கியில் மூட்டையை வைத்தால் ரசீது கிடைக்கும். அதை ஈடு வைத்து வங்கியில் கடன் கேட்கலாம். நல்ல விலை வந்தபின் விற்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐந்தாறு மூட்டை வைத்திருப்பவர் தனி வண்டி பிடித்தால், லாபம் வாடகையிலேயே கரைந்துவிடும். பலர் சேர்ந்து ஒரே லாரியில் ஏற்றினால்தான் கட்டும்.

அப்படிச் சேர 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தினார்கள். உற்பத்தி செய்வோர் பத்துப் பேர் இருந்தால் போதும், சொந்தக் கம்பெனியே தொடங்கலாம். அங்கே நிர்வாகம் சம்சாரிகள் கையில்!