சாய்ந்திருந்து மிதிக்கும் வண்டி

1933 ஆம் ஆண்டிற் பாரிசு நகரில், பிரான்சிஸ் ஃபோர் என்பார் சாய்ந்திருந்து மிதிக்கும் துவிச்சக்கரவண்டியில் ஒரு மணி நேரத்திற் 45 கிலோமீற்றருக்குச் சிறிது மேற்சென்று, நிமிர்ந்திருந்து ஓட்டினோரை விஞ்சினார். மறுவருடமே சர்வதேசச் சங்கம் அவ்வகை வண்டியைப் போட்டியினின்றும் விலக்கிற்று. பந்தயத்தில் விலக்குண்ட அவ்விருக்கைமுறை, இன்று இல்லங்களில் நின்றவிடத்தே மிதிக்கும் உடற்பயிற்சிப் பொறியாக வாழ்கின்றது.

உடற்பாரம் சிற்றாசனமொன்றில் மட்டுந் தங்காது, அகன்ற இருக்கையிலும் முதுகுச் சாய்விலும் பரவுதலே இதன் சிறப்பு. ஆகலின் முதியோர்க்கும் முதுகுநோவுடையார்க்கும் இது பெரிதும் ஏற்றது.

வாங்குவோர் முதற்கண் நோக்கற்பாலது ஆசனத்தை முன்பின் நகர்த்தும் வசதியே. மிதி மிகச் சேய்மையில் நிற்கும்போதும் முழங்கால் சற்றே மடிந்திருத்தல் வேண்டும். முற்றும் நீளினும் மிக மடங்கினும் மூட்டு வருந்தும். வீட்டிலுள்ள நெட்டையரும் குட்டையரும் ஏறியிருந்து பார்த்தபின்னரே விலை பேசுக. தடைக்குக் காந்தமுடையது நன்று. காந்தம் சுழலும் உலோகச் சில்லைத் தீண்டாமலே அதனுள் மின்னோட்டத்தைத் தூண்டித் தடுத்தலால், ஓசையுங் குறைவு, தேய்வுங் குறைவு. மின்னும் எண்பலகை கண்டு மயங்கற்க. மிதியாதார்க்கு அது சால்வை உலர்த்துங் கொடியேயாம்!

வளர்ந்தோர்க்கு வாரந்தோறும் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வகுத்தது. ஐந்து நாள் அரைமணி மிதிப்பின் கீழெல்லை கைகூடும். பேசவியன்றும் பாடவியலாத வேகமே மிதமானது. ஆயினும் கால்கள் உடலின் பாரத்தைத் தாங்காமையால், எலும்பின் உறுதிக்கு இப்பயிற்சி அதிகம் உதவாது. நடக்க வல்லார் மாலை நடையைக் கைவிடற்க.